ஓடுதளத்தில் எங்களைச் சுட்டது

வீட்டில் பேசிக்கொள்ளாத அப்பாவையும் மகனையும் ஒரே காரில் ஏற்றி அனுப்பக் கூடாது. வீட்டில் என்றால் ஒருவர் தெருப்பக்கம் போகலாம், மற்றவர் கொல்லைப்பக்கம் போகலாம். காருக்குள் எங்கே போவது? முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்து, ஒரே கண்ணாடி வழியாக ஒரே லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு முறைத்துக்கொள்ள வேண்டியதுதான். எங்களை அப்படி அனுப்பிய புண்ணியவதி என் அம்மா. "சண்ட போடாம போய்ட்டு வாங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள். அவள்மீதும் எனக்குக் கோபம்தான்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. தெருவுக்கு ஒருவனாக அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த காலம் அது. கங்காதர நெல்லூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து முதல் சரக்கு நான். விசா வந்துவிட்டது, அடுத்த வாரம் விமானம். இந்த நேரத்தில்தான் என் நைனா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். எனக்கு விசா கிடைத்தால் அப்பனும் மகனும் திருமலைக்கு வந்து மொட்டை போட்டுக்கொள்வதாக வேண்டிக்கொண்டிருந்தாராம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த நாளில் எனக்கு முடி அடர்த்தி. நெற்றியில் ஒரு கற்றை தானாக வந்து விழும். (தானாக இல்லை. கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் ஆகும்.) அமெரிக்கக் கம்பெனியில் முதல் நாள் மொட்டைத் தலையோடு போய் நின்றால் என்ன நினைப்பார்கள்? இந்தக் கவலையில் நான் தூங்கவில்லை. (போய்ப் பார்த்தபோது என் மேனேஜரே மொட்டை.)

நான் வாங்கியிருந்த பழைய காரில் கிளம்பினோம். ஓட்டக் கற்று ஒன்றரை மாதம். சித்தூர் தாண்டும்வரை நைனா வாயைத் திறக்கவில்லை. தாண்டியதும் திறந்தார்.

"முடிய வெச்சிக்கினு இன்னாடா பண்ணப் போற? அமெரிக்காவுல வித்துத் துன்னப் போறியா?"

"வேண்டிக்கினது நீ. நீ போட்டுக்க மொட்ட."

"யாரு விசாவுக்குடா வேண்டிக்கினேன்? எனக்கா விசா வந்திச்சி?"

"உன்ன யாரு வேண்டிக்கச் சொன்னா?"

"உங்கிட்ட சொல்லிக்கினு சாமி கும்புடணுமா நானு? வண்டிய நிறுத்துடா, நான் பஸ்ல போறேன்."

நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை. மறுபடி கிளம்பினோம். பாகாலா போவதற்குள் இப்படி மூன்று நிறுத்தம் ஆயிற்று.

திருப்பதி நெருங்கிக்கொண்டிருந்தது. எப்படியாவது தாமதம் செய்து, கூட்டத்தைக் காரணம் காட்டி, முடியோடு திரும்பிவிட வேண்டும். அப்போதுதான் சாலையோரத்தில் அந்தப் பலகை கண்ணில் பட்டது. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட விமானத்தளம். பிறகு நம் ராணுவம் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு மூடிப்போட்டது. துருப்பிடித்த பலகையில் ஒரு மண்டை ஓடும், உள்ளே வராதே என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் எச்சரிக்கையும் இருந்தன. வாயில் கதவை யாரோ எப்போதோ பெயர்த்து எடுத்துப் போயிருந்தார்கள்.

எனக்கு ஒரு யோசனை உதித்தது. அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும் என்று படித்திருந்தேன். (நம் ஊரிலும் போகும். ஆனால் எதிரே வருகிறவனும் அதே பக்கம் வருவான்.) அதைப் பழக ஆளில்லாத அகலமான பாதை வேண்டும். ஓடுதளத்தைவிட அகலமான பாதை ஏது? அங்கே ஸ்டியரிங்கே இடம் மாறியிருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. அப்போது எனக்கு உறைக்காதவை ஏராளம்.

காரை உள்ளே திருப்பினேன். நைனா கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"டேய், மிலிட்டரி எடம்டா. சுட்ருவான்."

"காலி பண்ணிட்டுப் போயி எத்தினி வருஷம் ஆச்சி நைனா."

"காலி பண்ணிட்டான்னு உனுக்கு எவன் சொன்னான்? உங்கிட்ட சொல்லிக்கினா போவான் மிலிட்டரிக்காரன்?"

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்களுக்குச் சொந்த நிலம் இல்லாத காலத்தில், கூலிக்குப் போன இடத்தில், விறகு பொறுக்க இந்த வேலிக்குள் நுழைந்திருக்கிறார். காவல்காரன் வானத்தைப் பார்த்து ஒருமுறை சுட்டானாம். கட்டின விறகைப் போட்டுவிட்டு ஓடிவந்தாராம். அந்த விறகுக்காக அவருக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

கூரையில்லாத கட்டடங்கள் வரிசையாக நின்றன. இறங்கிச் சுற்றிப் பார்த்தோம். எல்லா அறையிலும் ஆட்டுப் புழுக்கை.

"பாத்தியா, ஆடு மேயிது. மிலிட்டரி இல்ல."

"ஏன், மிலிட்டரிக்காரன் கறி துன்ன மாட்டானா?"

ஓர் அறையில் வெள்ளைக்காரன் உட்கார்ந்து போன கக்கூஸ் பீங்கான் ஒன்று உடையாமல் இருந்தது. நைனா அதைச் சுற்றி வந்து பார்த்தார். "இத்த எங்க வெக்கிறதுன்னுதான் நாடு நாடா சுத்துனானா?" என்றார். அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரே இடத்தில்தான்.

பிறகு ஓடுதளம். நேராக, சாம்பல் நிறத்தில், வானத்தின் அடிவரை போயிற்று. சித்திரை வெயிலில் தூரத்துப் பாதி கானலாக நெளிந்தது. வலது ஓரத்தை ஒட்டிக் காரை விட்டேன். ஐம்பது. அறுபது. என் கண் முழுக்க வலது விளிம்பில் இருந்தது. முடி காற்றில் பறந்தது. மனதளவில் நான் கலிபோர்னியாவில் இருந்தேன். எழுபத்தைந்தைத் தொட்டபோது அது தொடங்கியது.

படபடபடபடவென்று காருக்கு அடியிலிருந்து, பக்கத்திலிருந்து, எல்லாத் திசையிலிருந்தும் வெடிச் சத்தம். ஏதோ கதவிலும் கண்ணாடியிலும் தெறித்தது.

"சுட்றான்டா!" என்று கத்தினார் நைனா. "குனிடா! குனி!"

நான் குனியவில்லை. குனிய வைக்கப்பட்டேன். இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்து ஸ்டியரிங்கில் அமுக்கி, என் முதுகின்மேல் மொத்தமாகப் படுத்துவிட்டார். என் நெற்றி ஹாரனில் இருந்தது. அலறிக்கொண்டு போனது கார். என் கால் ஆக்ஸிலேட்டரில் இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சுட்டுக்கொண்டே இருந்தார்கள்.

திடீரென்று சத்தம் நின்றது. தலையைத் தூக்கினால் எதிரே முட்புதர். பிரேக் போட்டேன். வேறு வழியே இல்லை. வந்த பாதைதான்.

"திருப்புடா, திருப்பு! புடிச்சிக்கினு போயிருவானுங்க!"

திருப்பினேன். அப்போதும் என் மூளையின் ஒரு மூலை, அமெரிக்காவில் வலப்பக்கம் என்று நினைவூட்டிக்கொண்டிருந்தது. ஆனால் துப்பாக்கிக்குப் பயந்து வந்த தடத்திலேயே விட்டேன். மறுபடி படபடபடபட. மறுபடி நைனா என்மேல். மறுபடி ஹாரன். பாதி தூரத்தில், அவர் கை இடுக்கு வழியாக, குறுக்கே ஆட்கள் கைநீட்டி நிற்பது தெரிந்தது. கார் குலுங்கி நின்று, எஞ்சின் அணைந்தது.

நைனா என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். "எங்கடா பட்டிச்சி? எங்க பட்டிச்சி?" குரலே அவருடையதாக இல்லை. எனக்கு எங்கும் படவில்லை என்று தெரிந்ததும் கதவைத் திறந்து, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு இறங்கினார்.

எதிரே ராணுவம் இல்லை. புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, கையில் துடைப்பத்தோடும் முறத்தோடும் ஏழெட்டுப் பெண்கள். மர நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடிவந்திருந்தார்கள். முன்னால் நின்றவள் கையில் இன்னும் களி ஒட்டியிருந்தது. அவள் பெயர் முனெம்மா என்பது பிறகு தெரிந்தது.

"ஒகசாரி காது!" என்று இரண்டு விரலைக் காட்டி அலறினாள். "ரெண்டு சார்லு!"

ஒருதரம் இல்லையாம், இரண்டு தரமாம். நைனா தூக்கிய கையோடு மெதுவாகத் தன் காலடியைப் பார்த்தார். பிறகு ஓடுதளத்தில் நாங்கள் வந்த பாதி முழுக்கப் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் வேர்க்கடலை. வெயிலில் சிமெண்டின் நிறத்துக்கே வெளிறிப்போன, ஊரே கொண்டுவந்து காயப்போட்ட வேர்க்கடலை. அதன் நடுவே என் டயர் அகலத்தில் இரண்டு நீளக் கோடுகள். கைகள் இறங்கின. முதல் அடி முனெம்மாவிடமிருந்து வரும் என்று எதிர்பார்த்தேன். நைனாவிடமிருந்து வந்தது.

"வேர்க்கல்லடா, பாவி! வேர்க்கல்ல!"

நான்தான் விதைத்த மாதிரி.

"நீதான நைனா சுட்றான்னு சொன்ன!"

"நான் சொன்னா? படிச்சவன் நீ இல்ல? உன்னியெல்லாம் எத்த நம்பிடா கூப்புட்றான் அமெரிக்காக்காரன்?"

வாழ்நாள் முழுக்க வேர்க்கடலை பிடுங்கி, காயவைத்து, உடைத்த மனிதர் கேட்கிற கேள்வி இது. எனக்கு இப்போது எழுதும்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

முனெம்மா எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். "எடப்பக்கம் வண்டி போறதுக்கு வழி உட்டுத்தான பரப்பிகீறோம்? நீ எதுக்குய்யா வலப்பக்கம் வந்தே?"

"அமெரிக்காவுல வலப்பக்கம்தான்..."

"ஏண்டி, இது அமெரிக்காவா?" என்று மற்றவர்களைக் கேட்டாள். இல்லை என்று எல்லோரும் உறுதி செய்தார்கள்.

பர்ஸை எடுத்தேன். அது இன்னும் பெரிய தப்பு. காய்ந்தது விதைக்கடலை, ஆடி மாதம் நிலத்தில் போட வேண்டியது. "உன் நோட்ட மண்ணுல போட்டா மொளைக்குமா? ஒக்காந்து பொறுக்கு. ஒடஞ்சது வேற, ஒடயாதது வேற."

உட்கார்ந்தோம். கொதிக்கிற சிமெண்டில், இன்னும் விமானம் ஏறாத ஓர் அமெரிக்கக்காரனும் அவன் அப்பாவும். நைனா பொறுக்கிக்கொண்டே முனெம்மாவிடம் வம்புக்குப் போனார். "இவ்ளோ கெட்டியாவா பரப்புவாங்க? எப்புடிக் காயும்?" "நீ வந்து மிதிப்பேன்னு தெரிஞ்சிருந்தா மெல்லிசாப் பரப்பியிருப்போம்" என்றாள் அவள். அதன்பிறகு அவர் என்னிடம் மட்டும் சண்டை போட்டார்.

எங்கே போகிறீர்கள் என்று ஒருத்தி கேட்டது என் கெட்ட நேரம். நைனா விடுவாரா? வேண்டுதல், விசா, என் மறுப்பு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பெண்கள் பொறுக்குவதை நிறுத்திவிட்டு என் தலையையே பார்த்தார்கள்.

"சாமி முடியத் திருடிக்கினு போறியா?" என்றாள் முனெம்மா. "அதான் எங்க கல்லய ஒடச்சிகீறான் அந்த ஏழுமலையான். உன்னால எங்களுக்குமா தண்டன?"

எவ்வளவு பெரிய குற்றச்சாட்டு! நான் வாதாடினேன். ஒருவரும் கேட்கவில்லை. பொழுது சாய்ந்து பொறுக்கி முடித்ததும், அவள் என் கார் டிக்கியைத் திறக்கச் சொல்லி ஸ்டெப்னி டயரை உருட்டிக்கொண்டு போய்விட்டாள். "நாளைக்கி மொட்டையோட வந்து எடுத்துக்கினு போ."

நைனா அவளைக் கும்பிட்டார். என்னை வளர்த்ததில் அவர் பட்ட பாட்டையெல்லாம் புரிந்துகொண்ட முதல் ஆள் அவள்தான் என்பது போல.

மறுநாள் மதியம் இரண்டு மொட்டைகள் அந்த ஓடுதளத்துக்குத் திரும்பின, இடப்பக்கமாகவே ஊர்ந்து. முனெம்மா என் தலையில் சந்தனத்தைத் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு ஸ்டெப்னியைக் கொடுத்தாள். லட்டை எல்லோருக்கும் பிட்டுக் கொடுத்தார் நைனா. ஊர் வந்து சேரும்வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் ஊரில் அவர் பேசினார். மிலிட்டரி கேம்ப்புக்குள் எங்களைச் சுற்றி வளைத்துச் சுட்டார்களாம். மகன்மேல் படுத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்தாராம். இரு கைகளையும் தூக்கியபடி இறங்கிப்போய்ப் பேசித் தீர்த்தாராம். கதையில் ஒரு கடலைகூடக் கிடையாது. இத்தனை வருஷமாக அந்தப் பக்கத்தில் என்னைப் பார்க்கிறவர்கள், "குண்டுக்குத் தப்பிச்சவன் நீதான?" என்கிறார்கள். என் மகளும் அதை நம்பிப் பள்ளிக்கூடத்தில் தாத்தாவின் வீரம் என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்கிவிட்டாள். நான் உண்மையைச் சொன்ன பிறகும் மாறவில்லை. வீட்டில் சோளப்பொரி பொரியும்போதெல்லாம், "டாடி, குனி!" என்று கத்துகிறாள்.

அந்தப் பரிசுக் கட்டுரையைப் படித்த அன்று எனக்கு வந்த கோபத்தில் ஊருக்குப் போன் போட்டேன்.

"நைனா, பேத்திகிட்டயாவது நெசத்தச் சொல்லக் கூடாதா? அது வேர்க்கல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சும் சுட்டான் சுட்டான்னு சொல்லிக்கினு திரியிறியே?"

எப்போதும்போல எரிந்து விழுந்தார்.

"டேய், உன் மேல படுத்தப்போ அது வேர்க்கல்லன்னு எனுக்குத் தெரியுமாடா?"

போனை வைத்துவிட்டேன். கோபத்தில்தான்.