நாலாம் நம்பர் காற்று

பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு பொய்கூடச் சொல்லாத ஆண் யாராவது இருந்தால், அவர் காலில் விழ நான் தயார். நான் சொன்ன பொய் சின்னதுதான். "கார் வேலையெல்லாம் தெரியுமா?" என்று கவிதாவின் அப்பா கேட்டார். "தெரியும் மாமா," என்றேன். (எனக்குத் தெரிந்ததெல்லாம் பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் என்பதுதான். அதுவும் என் காரில் மட்டும்.) பத்து பாகாட் ஊரில் ஒரு துணி ஆலையில், துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது என் உத்தியோகம்.

பரிசம் போட்டாயிற்று. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சிம்பாங் ரெங்கத்திலிருந்து மாமா போன் செய்தார்.

"மாப்ள, ஞாயித்துக்கெழம ஃப்ரீயா? நம்ம வண்டில ஏர்கோன் ஃபேன் ரோசாக் ஆயிடுச்சு, சரியா ஓட மாட்டேங்குது. வொர்க்‌ஷாப்காரன் டேஷ்போர்ட உடைச்சிடுவான். நீங்கதான் பாக்கணும்."

அந்த வண்டி சாதாரண வண்டியில்லை. முப்பது வருஷத்துச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. சுவிட்சைத் தட்டினால் ஹெட்லைட் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பும். மாமாவோ, கவிதாவின் அக்காளுக்கு வந்த முதல் வரனை, படிப்பைக் கூட்டிச் சொன்னான் என்ற ஒரே காரணத்துக்காகப் பரிசத்துக்கு முதல் நாள் நிறுத்தியவர். கவிதாவிடம் உண்மையைச் சொன்னேன். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க," என்றாள்.

ஞாயிறு காலை போர்ச்சில் கார் நின்றது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மாமா உட்கார்ந்திருந்தார், பரீட்சை ஹாலில் வாத்தியார் மாதிரி.

"ஒன்னு, ரெண்டு, மூணுல காத்தே இல்ல. நாலுல மட்டும் வருது. அதுவும் கடகடன்னு சத்தம்."

"ம்ம்," என்றேன், பெரிய டாக்டர்போல. பிறகு, "மாமா, ஒரு நிமிஷம், பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

கதவைத் தாழிட்டு, போனில் வீடியோவைப் போட்டேன். ஒரு வெள்ளைக்காரர் அதே காரை வைத்துக்கொண்டு விளக்கினார். ஒன்று முதல் மூன்று வரை வேலை செய்யாவிட்டால் ரெசிஸ்டர் என்ற சின்னச் சாமான் போய்விட்டதாம். முதலில் டேஷ்போர்டின் இடது பக்கப் பெட்டியைக் கழற்ற வேண்டுமாம், நட்சத்திரத் தலை ஸ்குரூ டிரைவரால். ஓடி வந்தேன். நான் வாய் திறப்பதற்குள் மாமா அதே ஸ்குரூ டிரைவரை நீட்டினார்.

'ஐயோ, மனுஷனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறதே!'

பெட்டி கழன்றது. அடுத்து என்ன? மறுபடி பாத்ரூம். திரும்பி வந்தபோது, பழைய கார்களை அறுத்து விற்கும் கடையில் வாங்கிய ரெசிஸ்டரை மாமா கையில் தயாராக வைத்திருந்தார். அதை மாட்டினேன். மூன்றாவது தடவை போய் வந்தபோது வாசலில் அத்தை ஒரு டம்ளர் ஓமத் தண்ணியோடு நின்றார்.

"குடிங்க தம்பி. கல்யாணப் பயம் வயித்துல எறங்கிடுச்சு போல."

குடித்தேன். வேறு வழி?

கடைசியாக ஃபேனைக் கழற்றினேன். உள்ளே ஒரு குட்டிக் கோயிலே இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அத்தை கோயிலுக்குப் போய்வந்து டேஷ்போர்டில் வைத்த பூவும் விபூதிப் பொட்டலமும் கண்ணாடி ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, வருஷக்கணக்கில் சேர்ந்திருந்தன. கடகட சத்தம் ஒரு வில்வக் குச்சியின் உபயம். பூவையும் பொட்டலங்களையும் இரண்டு கையாலும் பயபக்தியோடு எடுத்து அத்தையிடம் கொடுத்தேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆனால் பொட்டலம் கிழிந்து, ஃபேன் இதழ்களுக்கு நடுவே இறுகிப்போன விபூதி? அதை அழுக்குத் துணியால் துடைப்பதா? வாக்யூம் போட்டு உறிஞ்சுவதா? அத்தை கண் முன்னாலா? அந்த வீட்டு மாப்பிள்ளையாக நினைப்பவன் செய்யும் காரியமா அது! சுரண்டிப் பார்த்தேன், பொலபொலவென்று உதிர்ந்தது, பயந்துபோய் அப்படியே விட்டுவிட்டு ஃபேனை மாட்டினேன். இரண்டு ஸ்குரூ மிச்சம் இருந்தன. பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

"வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்." மாமா வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தார். பக்கத்து ஊரான சாஆவில் ஒரு கல்யாணத்துக்கு அவர் அப்படியே கிளம்ப வேண்டும்.

ஹைவே பக்கம் போகும்போது ஃபேனை ஒன்றில் வைத்தார். மெல்லிய காற்று. இரண்டு. மூன்று. சத்தமே இல்லை. "சாபாஷ் மாப்ள!" என்றார். கவிதா எனக்குத்தான் என்று நெஞ்சு நிமிர்ந்தது. அப்போதுதான் அவர் நாலுக்குத் திருப்பினார்.

புஸ்ஸென்று ஒரு வெண்புகை. கண் தெரியவில்லை, மூச்சு விட முடியவில்லை. பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று ஹாரனை அலற விட்டது. 'செத்தோம்' என்று நான் நிஜமாகவே கத்தினேன். மாமா எப்படியோ காரை ஓரங்கட்டினார். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மலாய்க்காரர், புகை என்று நினைத்து, "அசாப்! அசாப்! அங்கிள், ஓக்கே கெ?" என்று கதவைத் தட்டினார். கதவைத் திறந்ததும் எங்களைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினார். மீசை, புருவம், வேட்டி, சட்டை எல்லாம் வெளுத்து, மாமாவின் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தப் பார்வையில் எல்லாம் கொட்டிவிட்டது. "மாமா, எனக்குக் கார் வேல தெரியாது. பொய் சொல்லிட்டேன். இன்னிக்கி செஞ்சது எல்லாம் பாத்ரூம்ல வீடியோ பாத்துத்தான். ஸ்குரூ ரெண்டு மிச்சம் இருக்கு, இந்தாங்க." அழுதேனா என்று கேட்காதீர்கள். என் முகத்து விபூதியில் இரண்டு கோடு விழுந்திருந்தது.

மாமா ஸ்குரூக்களை வாங்கிக்கொண்டார். நிதானமாகக் காரின் முன்கண்ணாடியைத் துடைத்தார்.

"பாத்ரூம் ஜன்னல் போர்ச் பக்கந்தான மாப்ள இருக்கு. அந்த வெள்ளக்காரன் பேசுனத நானுந்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். இல்லாட்டி எந்த ஸ்குரூ டிரைவர்னு எனக்கு என்ன தெரியும்? ரெசிஸ்டரும் கடக்காரன் சொல்லி வாங்கி வச்சதுதான். எனக்கும் ஓட்ட மட்டுந்தான் தெரியும்."

"அப்ப ஏன் மாமா ஒன்னும் சொல்லல?"

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்." ஒரு தும்மல் போட்டார். "சொல்லிட்டீங்க. போலாம் லா, வேட்டி மாத்தணும்."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அந்த ஃபேன் இன்றும் நாலு நம்பரிலும் ஓடுகிறது. அத்தை மட்டும் இன்றுவரை வீடியோ கதையை நம்பவில்லை. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் ஓமத் தண்ணி வந்துவிடுகிறது, நானும் குடித்துவிடுகிறேன். பிறகு பாத்ரூம் பக்கம் திரும்பினால் போதும், போர்ச்சிலிருந்து மாமாவின் குரல் கேட்கும்:

"மாப்ள, சத்தத்த கொஞ்சம் கூட்டி வைங்க. இங்க சரியா கேக்க மாட்டேங்குது!"