பறப்பதற்கு முன் நாற்பத்தொரு சோதனை

இருபத்து மூன்றாவது சோதனையில் பேட்டரி காலை வாரிவிட்டது.

நவநீதகிருஷ்ணன் மீட்டரை ஒரு தட்டுத் தட்டி மறுபடியும் வைத்துப் பார்த்தார். பாதிக்கும் கீழேதான் இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் தன் கையாலேயே முழுசாக சார்ஜ் ஏற்றி, தீப்பிடிக்காத பை ஒன்று வாங்கி அதற்குள் போட்டு வைத்த பேட்டரி. இன்று ஞாயிற்றுக்கிழமை. நடுவில் ரெண்டு நாளும் அவர் பட்டறையில் இருந்தார், பேட்டரி பைக்குள் இருந்தது.

"ஏனுங்க, இன்னைக்குப் பறக்குதுங்களா இல்லீங்களா? அண்ணன் காட்டுல காத்துட்டு இருக்குதாமா. போன் வந்துச்சு" என்று அறை வாசலில் வந்து நின்றாள் மஞ்சுளா.

"பேட்டரி நம்பற மாதிரி இல்ல மஞ்சு. மேல போயி நின்னுபோச்சுன்னா?"

"அப்ப வேண்டாமுங்க. வெயில் காலமில்லீங்களா, தானா எறங்கியிருக்கும். இன்னொரு வாரம் போவட்டும். இப்ப என்ன அவசரம்?"

நவநீதகிருஷ்ணனுக்கு மனசு நிறைந்துவிட்டது. ஊரில் எத்தனை பேருக்கு இப்படிப் பொறுமையான மனைவி வாய்க்கும்? நோட்டை எடுத்து இருபத்து மூன்றுக்கு நேராகச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டார். ஆக, தொடர்ந்து நான்காவது ஞாயிற்றுக்கிழமையாக விமானம் பறக்கவில்லை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் இருபத்தாறு வருடமாக அவர்தான் கடைசிச் சோதனை பார்க்கிறவர். புது லாரி எத்தனை பளபளப்பாக நின்றாலும் சரி, அவர் ஸ்பேனரோடு அடியில் நுழைந்து ஒவ்வொரு நட்டாக அசைத்துப் பார்த்து, வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினால்தான் சாவி ஓனர் கைக்குப் போகும். அப்படி அவர் தலையாட்டி அனுப்பிய வண்டியில் இதுவரை ஒரு பலகைகூடக் கழன்றதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்க வேண்டியதுதான்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஐம்பது வயதில் ரிமோட்டில் பறக்கும் விமானத்தின் மேல் ஆசை வந்தது. எட்டு மாதம் உட்கார்ந்து ஒட்டி, அறுத்து, ஒயர் இழுத்து ஒன்றைக் கட்டி முடித்தார். இறக்கை ஐந்தடி, எடை ஒன்றரைக் கிலோ, மஞ்சள் பெயிண்ட். ஓட்டிப் பழகுவதற்குக் கம்ப்யூட்டரிலும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். ரிமோட்டை அதில் மாட்டினால் திரையில் விமானம் பறக்கும். சாயங்காலம் மஞ்சுளா டீயைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பாள். திரையில் அவர் இருநூறு தடவை ஏற்றி இறக்கிவிட்டார். நிஜத்தில்தான் ஒரு தடவைகூட ஏற்றவில்லை.

முதல் ஞாயிறு எலுமிச்சம்பழத்தால் போனது.

பட்டறையை விட்டுக் கிளம்பும் எந்தப் புது வண்டியும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் கிளம்பாது. விமானத்துக்கு மூன்று சக்கரம். மூன்று பழம் வாங்கினார். இடம், மஞ்சுளாவின் அண்ணன் காளியப்பனுடைய கடலைக்காய் பிடுங்கிவிட்டு வெறும் நிலமாகக் கிடந்த காடு. பக்கத்திலேயே அவருடைய முட்டைக்கோழிப் பண்ணை. மஞ்சுளா சூடம் காட்டினாள். பண்ணையில் முட்டை பொறுக்கும், மத்தியானம் காளியப்பன் சாப்பிட்டுத் தூங்க வீட்டுக்குப் போனால் காவலும் பார்க்கும் அத்தாயியும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"மாப்ள, வண்டிச் சக்கரத்தவிடப் பழம் பெருசா இருக்குதே" என்றார் காளியப்பன்.

"மொறைன்னா மொறதானுங்க மச்சான்."

முறைக்குக் குறுக்கே யாரும் நிற்கவில்லை, பழம்தான் நின்றது. மோட்டாரை முடுக்கியதும் முன் சக்கரம் பழத்தில் முட்டி, வால் மேலே எழும்பி, விமானம் மூக்குக் குப்புற விழுந்தது. முன்னால் சுற்றிய காற்றாடி முறிந்து, ஒரு துண்டு பறந்து போய்க் காளியப்பனின் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டது. அவர் அதை மெதுவாக உருவி எடுத்து, தன் உடம்பை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அடுத்த தடவ திராட்சப்பழம் வெச்சுக்கலாமுங்க" என்றாள் மஞ்சுளா. "காத்தாடி வாங்கறப்ப ஒண்ணோட நிறுத்தாதீங்க. நாலா வாங்கிருங்க, ஆகும்."

இரண்டாவது ஞாயிறு பாதுகாப்பால் போனது. வேட்டிக்கு நேர்ந்தது கண்ணுக்கு நேரக் கூடாது என்று நவநீதகிருஷ்ணன் காட்டைச் சுற்றிக் குச்சி நட்டு, கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டார். அதோடு நிற்காமல் சுற்றுவட்டத் தோட்டங்களுக்கெல்லாம் நேரில் போனார்.

"ஞாயித்துக்கெழம காலைல ஏழு மணிக்கு அந்தப் பக்கம் யாரும் வந்துராதீங்க. விமானம் பறக்குது" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார்.

ஏழு மணிக்கு எண்பது பேர் இருந்தார்கள். குளித்துத் தலை வாரி, குழந்தைகளுக்குப் பவுடர் போட்டு அழைத்து வந்திருந்தார்கள். பஞ்சுமிட்டாய்க்காரர் ஒருவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை, கயிற்றோரம் மணி அடித்துக்கொண்டிருந்தார்.

"இதுல எத்தன பேரு உக்காரலாமுங்க?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

"இதுல ஆள் உக்கார முடியாதுங்க."

"அப்பறம் எதுக்குங்க எங்கள வரச் சொன்னீங்க?"

எண்பது தலைகளுக்கு மேல் பறக்கவிட நவநீதகிருஷ்ணனுக்கு மனம் ஒப்பவில்லை. விமானத்தை எடுத்துக் காரில் வைத்தார். கூட்டம் அவரை வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டே கலைந்தது. மஞ்சுளா மட்டும், "நீங்க பண்ணுனதுதானுங்க சரி" என்றாள்.

மூன்றாவது ஞாயிற்றை அவரே கெடுத்துக்கொண்டார். பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் இல்லாமல் ஒரு வண்டி வெளியே போவதா என்று இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. பட்டறையிலிருந்து லாரிக்கு ஒட்டும் பட்டையைக் கொண்டுவந்து வால் முழுக்க ஒட்டினார். இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கிப் பார்த்தால், நேராக நிற்க வேண்டிய விமானம் வாலைத் தரையில் போட்டது. அதைச் சரிக்கட்ட மூக்கில் நாலு நட்டைக் கட்டினார். இப்போது மூக்கு தாழ்ந்தது. வாலில் இன்னொரு பட்டை, மூக்கில் இன்னொரு நட்டு என்று போய், கடைசியில் பாரம் தாங்காமல் முன் சக்கரத்தின் கம்பி வளைந்தது. எல்லாவற்றையும் கழற்றி முடிக்கும்போது ஞாயிறு சாயங்காலம் ஆகிவிட்டது.

நான்காவதுதான் இந்தப் பேட்டரி ஞாயிறு. அன்று பேட்டரி மட்டுமல்ல, பதினாறாவது சோதனையிலும் ஒரு சின்னக் குறை. சக்கரத்தில் கடலைச் சருகு சுற்றிக்கொண்டிருந்தது. போன தடவை துடைக்காமல் விட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மத்தியானம் காளியப்பன் நேரிலேயே வந்துவிட்டார்.

"மாப்ள, நானும் ஒரு மாசமாக் காட்டச் சும்மா போட்டு வெச்சிருக்கறன். அடுத்த வாரம் திங்கக்கெழம டிராக்டர் வருது. உழுது சோளம் வெதைக்கோணும்."

"இன்னும் ஒரு ஞாயித்துக்கெழம இருக்குதுங்களே மச்சான்."

"இருக்குது. அன்னைக்கும் பறக்கலீன்னா ஒண்ணு பண்ணலாம். புள்ளைக பள்ளிக்கூடத்துல கேட்டாங்க, சுவத்துல மாட்டிக்கறோம்னு. அழகாத்தான் இருக்குது. சுவத்துக்கு அது போதும்."

நவநீதகிருஷ்ணன் அறையில் இருந்த விமானத்தைத் திரும்பிப் பார்த்தார். எட்டு மாதம் கட்டிய விமானம், பல்லி ஓட ஒரு சுவரில் தொங்குவதா? பட்டறையில் பையன்களெல்லாம் திங்கட்கிழமை தவறாமல், "பறந்துச்சுங்களா சார்?" என்று கேட்பதும், இவர் தலையை ஆட்டாமல் ஸ்பேனரைத் தேடுவதும் வழக்கமாகியிருந்தது. தான் ஒன்றைக் கட்டினால் அது ஓட வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

"பறக்கலீன்னா நானே கொண்டுவந்து மாட்டறனுங்க" என்று சொல்லிவிட்டார். ரோஷத்தில் வந்த வார்த்தை.

புதுப் பேட்டரி வாங்கினார். வீட்டில் வைத்தால் வெயிலில் இறங்கிவிடுகிறது என்று, அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டுக் கூடையோடு பையையும் பட்டறைக்கு எடுத்துப் போனார்.

"அத எதுக்குங்க தூக்கிட்டு அலையறீங்க? ஊட்டுலயே இருக்கட்டுமே" என்று மஞ்சுளா சொல்லிப் பார்த்தாள்.

"எங்கண்ணு முன்னால இருந்தாத்தான் எனக்கு நிம்மதி."

அந்த வாரம் மஞ்சுளா உம்மென்றே இருந்தாள். குழம்பில் உப்பும் ஒரு நிதானமில்லாமல் விழுந்தது. பாவம், விமானம் சுவருக்குப் போய்விடுமோ என்று நமக்காகக் கவலைப்படுகிறாள் என நவநீதகிருஷ்ணன் உருகிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. காற்று இல்லை. யாரிடமும் எதுவும் சொல்லாததால் கூட்டமும் இல்லை. காட்டில் காளியப்பன், மஞ்சுளா, முட்டை அட்டையோடு தூரத்தில் அத்தாயி, அவ்வளவே. மூன்று திராட்சைப்பழம் முறைப்படி நசுங்கின.

நோட்டைப் பிரித்து நவநீதகிருஷ்ணன் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். இறக்கை ரப்பர், சரி. நட்டு, சரி. ரிமோட்டில் இடது தள்ளினால் வால் இடது திரும்புகிறதா, சரி. புதுப் பேட்டரி முழுசாக இருந்தது. முப்பதாவது சோதனைக்கு விமானத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, அவர் ரிமோட்டோடு நாற்பது அடி நடந்து போய் அங்கிருந்தும் விமானம் ரிமோட்டுக்குக் கட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். மஞ்சுளா பிடித்துக்கொண்டாள். காற்றாடிக்குப் பின்னால், முந்தானையை இடுப்பில் செருகி, சொல்லாமலே சரியாகப் பிடித்தாள்.

"இந்தச் சத்தத்துக்குக் கோழி மெரண்டா முட்ட நின்னுபோகும் மாப்ள, பாத்துக்கங்க" என்றார் காளியப்பன்.

மோட்டார் இரைந்தது. பண்ணையில் ஒரு கோழிகூடத் தலையைத் தூக்கவில்லை. தீனியைக் கொத்திக்கொண்டே இருந்தன. தன் மோட்டார் அத்தனை சாது என்று நவநீதகிருஷ்ணன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நாற்பத்தொன்று. சரி. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, தன்னையறியாமல் தலையை ஆட்டினார்.

மஞ்சள் விமானம் ஓடியது, குதித்தது, எழும்பியது. அவ்வளவு சுலபமாக எழும்பும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தபடி வாயைத் திறந்து நின்றுவிட்டார். கம்ப்யூட்டரில் இருநூறு தடவை செய்ததெல்லாம் எந்த விரலுக்கும் ஞாபகம் வரவில்லை. விமானம் நேராகக் கோழிப் பண்ணைக் கூரையைப் பார்த்துப் போனது.

"எடது பக்கமுங்க" என்றாள் மஞ்சுளா பின்னாலிருந்து, கார் ஓட்டும்போது சொல்கிற அதே குரலில். "மெதுவா. போதும். நேராக்குங்க."

இருபத்தைந்து வருடப் பழக்கம். அவர் கை தானாகக் கேட்டது. விமானம் கூரையைச் சுற்றிக்கொண்டு திரும்பியது. ஒரு வட்டம், இரண்டு வட்டம், மூன்று. வெயில் பட்டு இறக்கை மின்னியபோது நவநீதகிருஷ்ணனுக்குக் கண் கலங்கியது.

"எறக்கீரலாமுங்க. வேகத்தக் கொறைங்க. இன்னும் கொஞ்சம். இப்ப லேசா மூக்கத் தூக்குங்க."

தூக்கினார். மூன்று சக்கரமும் மண்ணைத் தொட்டு, விமானம் இருபதடி ஓடி, அவர் காலடிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஒரு கீறல் இல்லை.

காளியப்பன் ஓடி வந்து கட்டிக்கொண்டார். "சாதிச்சுப்போட்டீங்க மாப்ள. தெக்கால மூலையில அர ஏக்கராவ உழுகாம உடறன். வாராவாரம் வந்து பறக்க உடுங்க. சுவத்துல மாட்டறதாம், நல்லா மாட்டுனாங்க போங்க."

சந்தோஷம் தாங்கவில்லை நவநீதகிருஷ்ணனுக்கு. நாளைக்குப் பட்டறையில் பையன்கள் கேட்பதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும். அந்த நிறைவில் மனைவிக்கும் ஒரு பங்கு கொடுக்க நினைத்தார்.

"மச்சான், இதுல உங்க தங்கச்சியையும் சொல்லோணும். எட்டு மாசமா எனக்குப் பின்னாலயே நின்னு பாத்ததுல, பேச்சளவுல அவளுக்கும் கொஞ்சம் வந்துருச்சு. என்ன, ரிமோட்டக் கையில புடிச்சு ஓட்டறதுங்கறது வேற. அதுக்கெல்லாம் ஒரு நெதானம் வேணுமுங்க."

மஞ்சுளா அவசரமாகப் போய், காட்டைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

அத்தாயி முட்டை அட்டையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். விமானத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, மனதாரச் சொன்னாள்.

"மொதத் தடவைக்கு நல்லாத்தான் ஓட்டுனீங்கண்ணா. ஆனா, தெனமும் மத்தியானத்துல அக்கா இங்க வந்து ஓட்டறப்ப, எறக்கறதுக்கு முன்னால ரெண்டு குட்டிக்கரணம் போட வெப்பாங்க. நீங்க அத உட்டுப்போட்டீங்களே."