ஓங்கிய சுத்தியல்

பாம்பனில் கலை தெரிந்தவன் ஒரே ஒருத்தன்தான் இருந்தான். அது நான். இதை நானாகச் சொல்லவில்லை, ஊர் சொன்னது. ஊர் சொல்லும்படி ஏற்பாடு செய்தது நான்தான் என்பது வேறு விஷயம்.

பெயர் சந்தியாகு. கருவாட்டு மண்டியில் எழுத்து வேலை. மாதத்தின் முதல் சனிக்கிழமை மண்டிக் காகிதங்களோடு ராமநாதபுரம் போவேன். பகல் பன்னிரண்டுக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். இரண்டரைக்கு அங்கே தியேட்டரில் மேட்னி. மறுநாள் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பாம்பன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஹாஜா முகைதீன் டீக்கடையில் என் சொற்பொழிவு.

"அந்த நடிகரு மூஞ்சியால நடிக்கலப்பா. முதுகால நடிச்சாரு!" என்பேன். இருபது பேர் டீயை ஆறவிட்டுக் கேட்பார்கள். கடைசியில் யாராவது ஒருவர் வாயைத் திறப்பார்.

"முடிவு என்னாச்சுண்ணே?"

நான் மெதுவாகக் கண்ணை மூடிக்கொள்வேன். "முடிவைச் சொல்லமாட்டேன். அது கலைக்குத் துரோகம்."

கூட்டத்துக்குப் புல்லரித்துப் போகும். கொள்கைக்காரன் என்று ஊரெல்லாம் பேர்.

இப்போது உங்களுக்கு மட்டும் ஓர் உண்மை. வெளியே விட்டுவிடாதீர்கள். ஒரு படத்தின் முடிவைக்கூட நான் பார்த்ததில்லை. படம் விடுவது ஐந்தரைக்கு. பாம்பன் வண்டி ஐந்து இருபதுக்கு. அதை விட்டால் நடுராத்திரி வண்டிதான். நடுராத்திரி போனால் என் மனைவி லீமாரோஸ் கதவைத் திறப்பாள், கூடவே வாயையும் திறப்பாள். அதனால் ஐந்தேகாலுக்கு முன்னால் நான் ஸ்டேஷனில் நிற்பேன். நான் பார்த்த எந்த வில்லனும் இன்றுவரை சாகவில்லை. எந்தக் காதலுக்கும் தாலி கட்டியாகவில்லை.

இப்படிப் பதினோரு வருஷம் ஓடியது. ஐம்பத்தெட்டாம் வருஷம் பாம்பனுக்கு டூரிங் டாக்கீஸ் வந்தது. முதல் படம் எதுவென்று தட்டியைப் பார்த்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

'சிற்பி சுதர்மன்.'

என் கல்யாணத்துக்கு நாலு மாசம் முந்திப் பார்த்த படம். அப்போது நடுராத்திரியில் கதவையும் வாயையும் திறக்க வீட்டில் அம்மா இருந்தாள். என் புகழுக்கு அஸ்திவாரம் போட்டதே அதுதான். சிற்பி இளவரசியைச் சிலையாக வடிக்கிறான். அவளை வேறொருவனுக்குப் பேசிவிடுகிறார்கள். சிலையை உடைக்கச் சுத்தியலை ஓங்குகிறான். சிலைக்குப் பின்னால் இளவரசி ஒளிந்திருக்கிறாள். அது அவனுக்குத் தெரியாது. சுத்தியல் மேலே போனது, நான் ஸ்டேஷனுக்குப் போனேன். பதினோரு வருஷமாக அந்தச் சுத்தியல் என் மனசில் மேலேயேதான் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஒரே ஓர் ஆட்டம், மறுநாள் காலை வண்டியில் படப்பெட்டி வேறு ஊருக்குப் போகிறது என்று தட்டியில் போட்டிருந்தது. அதுவரை தலையைக் காட்டாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். வியாழக்கிழமை பங்குச் சாமியார் ஆள் அனுப்பிவிட்டார்.

"ஏலே சந்தியாகு, அந்தச் சிற்பி படத்தை நீ பாத்திருக்கேல்ல?"

"பாத்திருக்கேன் சாமி."

"முடிவு எப்படி?"

"சாமி, முடிவைச் சொல்றது கலைக்கு..."

"உன் கலையை டீக்கடையில வச்சுக்க. முன்ன நான் இருந்த ஊர்ல வந்த கொட்டகையில கண்ட படத்தையும் போட்டு, மேலிடத்துல நான் வாங்கிக் கட்டிக்கிட்டது போதும். ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல நின்னு முடிவைச் சொல்லு. நல்ல முடிவுன்னா சனங்க போகட்டும். கெட்ட முடிவுன்னா ஒருத்தரும் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது."

வெளியே வந்தேன். நேரே ஹாஜா கடைக்குப் போனேன்.

"மச்சான், சிற்பி சுதர்மன் பாத்திருக்கியா?"

"நான் எங்கன பாத்தேன்? நீ சொன்னதைத்தான் பதினோரு வருசமா வாரவன் போறவனுக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன். எங்க மாமனாரு, அவன் சிலையை உடைச்சுருவான்னாரு. சந்தியாகு மச்சான் வாயால வராம நான் நம்பமாட்டேன்னு சண்டை போட்டு, அவரு வீட்டுக்குப் போறதையே விட்டுட்டேன்."

டீயைக் குடிக்க மறந்தேன். ஆனால் மூளை வேலை செய்தது. முடிவு கெட்ட முடிவு என்று நான் சொல்லிவிட்டால்? ஊர் போகாது. ஊர் போகாவிட்டால் முடிவு யாருக்கும் தெரியாது. என் மானம் தப்பும். எந்த முடிவைச் சொன்னால் சாமியார் மறுபேச்சில்லாமல் தடை போடுவார்? தற்கொலை! சாவான பாவம்! இளவரசியைக் குளத்தில் தள்ளிவிட வேண்டியதுதான். கூடவே சிற்பியையும் தள்ளிவிட்டால் இன்னும் பத்திரம்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போனால், லீமாரோஸ் பெட்டியிலிருந்து கல்யாணச் சேலையை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். ஒன்பது மாதச் சின்னவள் அவள் காலடியில் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன லீமா, யாருக்குக் கல்யாணம்?"

"நாளைக்குக் கொட்டகைக்குப் போவோம்ல. அதுக்குத்தான்."

"அது பொம்பளைக பாக்குற படமில்ல."

"ஏங்க?"

"முடிவு உனக்குத் தாங்காது."

"அப்படி என்ன முடிவு?"

"இளவரசி குளத்துல குதிச்சிர்றா. அவனும் குதிச்சிர்றான்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

"நீங்க பாத்தீகளா?"

"இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்."

அவள் சேலையை மடித்தாள். மறுபடி உதறினாள். மறுபடி மடித்தாள். ஒரே சேலையை அவள் இரண்டு தடவை மடித்தால் எனக்கு ஆபத்து.

"சரி. இன்னிக்குச் சனிக்கிழமையாச்சே. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலையா?"

அந்த நிமிஷம் எனக்கு ஒரு மகா யோசனை உதித்தது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் உயிரே போனாலும் வெளியே சொல்லக் கூடாது. நாளைய பொய்யை இன்றைக்கே அங்கே சொல்லிவிட்டால்? பாவமும் கழியும், பின்னால் அவருக்கு உண்மை தெரிந்தாலும் வாய் கட்டுப்பட்டிருக்கும். ஒரே வலையில் இரண்டு மீன்பாடு! சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

முழங்காலில் நின்று கம்பித் தடுப்புக்குள் கிசுகிசுத்தேன். "சாமி, நான் ஒரு பொய் சொல்லிட்டேன்."

"எப்ப?"

"நாளைக்கு."

உள்ளிருந்து ஒரு பெருமூச்சு. நான் ரயில், சுத்தியல், குளம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"நாளைக்குச் செய்யப்போற பாவத்துக்கு இன்னிக்கே மன்னிப்பா? இது என்ன துண்டு போட்டு ரயில்ல இடம் பிடிக்கிற சோலியா? பொய் சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடு. இல்லாட்டி மன்னிப்பு இல்ல."

கொடுத்தேன். வேறு வழி?

"சனங்க படத்துக்குப் போகலாம்னு ஆச்சுன்னா, அபராதமா, உம் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டுப் போயி முடிவு வரைக்கும் பாரு."

"சரி சாமி. அப்ப நாளைக்கு என்னைக் கூப்பிடமாட்டீகள்ல?"

"கூப்பிடுவேன். இங்கன கேட்டதை வச்சு வெளிய நான் ஒரு விரலைக்கூட அசைக்கக் கூடாது. வியாழக்கிழமை சொன்னது சொன்னதுதான்."

அவர் வாயைக் கட்டப் போனேன். என் கையைக் கட்டி அனுப்பிவிட்டார். அன்று ராத்திரி கண் மூடினால் சுத்தியல், திறந்தால் குளம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்தது. கோயில் வாசலில் ஊரே நின்றது. படத்தின் கதி என்ன என்று தெரிந்துகொள்ள ஹாஜாகூட வெளி மதிலோரம் வந்து நின்றான். பெண்கள் பக்கம் லீமாரோஸ், இடுப்பில் சின்னவள்.

"சந்தியாகு, முன்னால வா" என்றார் சாமியார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சொல்லு. முடிவு என்ன?"

பொய் சொல்ல முடியாது. வாக்குக் கொடுத்தாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் பதினோரு வருஷத்து மானம் அந்த மணலிலேயே புதைந்துவிடும்.

"சனங்களே..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. எங்கேயோ ஓர் ஆடு கத்தியது. அதுவாவது ஏதோ சொன்னது.

"சாமி, நான் சொல்லலாமா?"

லீமாரோஸ்! முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நீ அந்தப் படத்தைப் பாத்தியா?"

"பாக்கல சாமி. கேட்டேன். எங்க அய்யா ரயில்வேயில கேங்மேன். அப்ப ராமநாதபுரத்துல தியேட்டர் பின்சுவரை ஒட்டித்தான் எங்க லயன் வீடு. நாப்பது நாள் ஓடுச்சு. நாப்பது நாளும் அடுப்படியில உக்காந்துக்கிட்டு முடிவு வரைக்கும் கேட்டேன். அப்புறந்தான் அய்யாவை மண்டபத்துக்கு மாத்தினாக."

நான் பெண் பார்க்கப் போனது மண்டபத்தில். அதற்கு முன்னால் எங்கே இருந்தாய் என்று பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை.

"அப்ப முடிவைச் சொல்லும்மா."

"பொதுவுல சொல்றது எங்க வீட்டுக்காரரு கொள்கைக்கு விரோதம் சாமி. சித்த அங்கிட்டு வாங்க. உங்களுக்கு மட்டும் சொல்றேன்."

கொடிமரத்துப் பக்கம் இரண்டு பேரும் ஒதுங்கினார்கள். அவள் ஏதோ சொன்னாள். சாமியாரின் புருவம் ஏறியது. பிறகு இறங்கியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாரும் போகலாம்! பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டுப் போங்க!"

ஊர் ஆரவாரம் செய்தது. "பாத்தியாப்பா, சாமி கேட்டும் சந்தியாகு அண்ணன் வாயைத் திறக்கல! பொண்டாட்டிக்கும் அதே கொள்கை!" என்று என் முதுகில் தட்டினார்கள். மானம் தப்பியது. ஆனால் காப்பாற்றியவள் பக்கத்தில் நடந்து வந்துகொண்டிருந்தாள். அதுதான் பயம்.

வழியில் மெல்லக் கேட்டேன். "லீமா, உனக்கு... எப்பத் தெரியும்?"

"கல்யாணமான மறுமாசமே. தியேட்டருக்குப் பின்னால வளந்தவ நான். கேங்மேன் மக. படம் விடுறது அஞ்சரை, உங்க வண்டி அஞ்சு இருவது. எனக்குக் கணக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"ஒரு நாளாச்சும் என்னையக் கூட்டிக்கிட்டுப் போவீகன்னு பாத்தேன். நீங்க டீக்கடைக்கெல்லாம் கதை சொல்வீக. வீட்டுக்கு வந்தா, பொம்பளைக்கு எதுக்குன்னுருவீக. அதான் சாமிகிட்டப் போயி, எங்க வீட்டுக்காரருக்கு எல்லாப் பட முடிவும் தெரியும், அவுககிட்டக் கேளுங்கன்னேன்."

கண்ணி வைத்ததே இவள்தானா! கோபம் வரவேண்டும். வெட்கம்தான் வந்தது. உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள். "அந்தப் படத்துல உளிச் சத்தத்தைக் கவனிச்சீகளா? மொதல்ல டக்கு டக்குனு வேகமா வரும். இளவரசியைப் பாத்தப்புறம் மெதுவாயிரும், கல்லுக்கு வலிக்கும்ங்கிற மாதிரி. வசனமே வேணாம், அதுலயே அவன் மனசு தெரிஞ்சுரும்."

நான் கவனிக்கவில்லை. நான் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

சாயங்காலம் கொட்டகை நிரம்பி வழிந்தது. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மண்சுவர். நான் சுவரோரம் இந்தப் பக்கம், அவள் கல்யாணச் சேலையில் அந்தப் பக்கம். அவள் சொன்னது அப்படியே சரி. உளி மெதுவாயிற்று. என் நெஞ்சும் என்னவோ செய்தது.

கடைசிக் கட்டம் வந்தது. சிற்பி சுத்தியலை எடுத்தான். இளவரசி சிலைக்குப் பின்னால் வந்து நின்றாள். பதினோரு வருஷம்! ரயில் இல்லை, கடிகாரம் இல்லை. சுத்தியல் மேலே போனது.

ரீல் தீர்ந்தது. விளக்கு எரிந்தது.

ஒற்றை மிஷின் கொட்டகை. அடுத்த ரீல் மாட்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது சின்னவள் வீறிட்டாள். மறுநிமிஷம் மண்சுவருக்கு மேலாக என் மடியில் வந்து விழுந்தாள்.

"என்னங்க, சித்த வெளிய தூக்கிக்கிட்டுப் போங்க. மத்தவுகளுக்கு இடைஞ்சலா இருக்குல்ல."

"லீமா, இப்பவா? இன்னும் ஒரு ரீலுதான்..."

"நீங்க பாத்த படந்தானே?" இதை அவள் நன்றாக உரக்கவே கேட்டாள். நாலு வரிசை திரும்பிப் பார்த்தது.

எழுந்தேன். வேறென்ன செய்ய? வெளியே வாசல் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் குழந்தையின் தொடையில் சின்னதாக ஒரு சிவப்புத் தடம். கொசுக்கடியா, கிள்ளலா, நான் ஆராயவில்லை. சில உண்மைகள் தெரியாமல் இருப்பதே குடும்பத்துக்கு நல்லது.

கொட்டகைத் துணிக்கு வெளியே மணலில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தேன். உள்ளே ஏதோ 'டங்' என்றது. சுத்தியல் கல்லில் விழுந்ததா, தரையில் விழுந்ததா? நாற்பது நாள் கேட்டவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. ஜனம் மொத்தமும் 'ஆ' என்றது. அப்புறம் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. என் அபராதமும் கூடவே பிய்ந்து போயிற்று.

கூட்டம் வெளியே வந்தது. ஹாஜா ஓடிவந்து என் கையைப் பிடித்தான். அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மச்சான்! நீ அன்னிக்கே சொல்லியிருந்தா இது வீணாப் போயிருக்கும். இப்பவே மாமனாரு வீட்டுக்குப் போறேன்!"

"அப்படியா மச்சான்? மாமனாரு சொன்னது... எப்படி?"

"உனக்குத் தெரியாததையா நான் சொல்லப்போறேன்!" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். ஊரில் வேறு யாரிடம் கேட்பது? எல்லாருக்கும் முடிவு தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

கடைசியாக லீமாரோஸ் வந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கிக்கொண்டாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அவள் காதோரம் குனிந்தேன்.

"லீமா, நல்லாயிருப்ப. உடைச்சானா, இல்லையா?"

அவள் நின்றாள். மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"முடிவைச் சொல்லமாட்டேன். அது கலைக்குத் துரோகம்."