சாரைப்பாம்பின் பதினேழு எழுத்து

ஒரு காட்டில் ரேஷன் கடைக்குக் கைரேகை இயந்திரம் வந்தது. அன்றோடு சாரைப்பாம்புக்கு மாதாமாதம் கிடைத்துவந்த நான்கு எலி நின்றுபோனது. கடைக்காரக் கரடி நல்ல மாதிரிதான். "நான் என்ன பண்றது? விரல் வைச்சாதான் பில் வரும்" என்றது.

மூன்று மாதப் பட்டினி. கால் வாங்கினால் கூடவே விரலும் வந்துவிடும் என்று யோசித்து, சாரை மரபணுப் பதிவு அலுவலகத்துக்கு ஊர்ந்து போனது. அங்கே குமாஸ்தா ஓணான். யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுவது அதன் பிறவிக் குணம். அதை நம்பி வீணாய்ப் போனவர்கள் காட்டில் பாதிப் பேர்.

ஓணான் பதிவேட்டைப் புரட்டியது. "மீனுக்குத் துடுப்பு, கொக்குக்கு இறக்கை, கரடிக்குக் கை, எல்லாத்துக்கும் ஒரே மரபணுதான். உங்ககிட்டயும் அது முழுசா இருக்கு."

"அப்ப கால் எங்க சார்?"

"அந்த மரபணுவை வேலைக்குக் கூப்பிட ஒரு குறிப்பு இருக்கணும். அதுல பதினேழு எழுத்து இல்ல. நகல் எடுக்கும்போது விட்டுப்போயிருக்கு. உங்க முன்னோருங்க பொந்துக்குள்ள போற அவசரத்துல யாரும் ஆட்சேபிக்கல."

"நீங்களே எழுதிடுங்களேன்."

ஓணான் தலையாட்டியது. "தானா வரணும்னா சில கோடி வருஷம் ஆகும். உடனே வேணும்னா மனுவுல கைநாட்டு வைங்க."

சாரை மனுவை வெகுநேரம் பார்த்தது. அதற்கு அழுகை வந்தது. "பசி தாங்கல சார். உங்களைச் சாப்பிடட்டுமா?"

ஓணான் வழக்கம்போல் தலையாட்டியது.

வலது கையை மட்டும் மிச்சம் வைத்து, அதைக் கவ்விக்கொண்டு சாரை கடைக்குப் போனது. இயந்திரம் பச்சை விளக்குக் காட்டி 'ஓணான்' என்றது. கரடி கால் கிலோ பூச்சி அளந்து போட்டது. சாரைக்குப் பூச்சி இறங்காது.

மறுநாள் அலுவலகத்து வருகைப்பதிவு இயந்திரமும் அந்தக் கையை 'ஓணான்' என்றே சொன்னது. இயந்திரமே சொன்ன பிறகு மேலதிகாரி ஏன் மறுக்கப்போகிறார்? சாரை குமாஸ்தாவின் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்தது.

முதல் மனுதாரர் ஒரு கொழுத்த காடை. பறவைகள் எப்போதோ தொலைத்த பல்லைத் திரும்பக் கேட்டு வந்திருந்தது.

"கிடைக்குமா சார்?"

சாரை தலையாட்டியது. அதைக் கற்றுக்கொள்ள ஒரு காலைப்பொழுதுதான் ஆனது.

"கதவைச் சாத்திட்டு வாங்க" என்றது.

நீதி: கால் இல்லையே என்று அலையாதீர்கள். நாற்காலி கிடைத்தால் போதும். கால் உள்ளவர்கள் தாமாகவே வரிசையில் வருவார்கள்.