மீன் செத்ததால் மூடிய கம்பெனி

கம்பெனி ஓடும்போது முதல் ஆளாக நிற்பவர், கவிழும்போது வலைவீசித் தேடினாலும் அகப்படாதவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பினாங்கில் அதற்கு ஆனந்தராஜா என்று பெயர். பதவி, நிர்வாக இயக்குநர்.

லாபம் வந்த காலத்தில் எல்லாப் படங்களிலும் நடுவில் நின்றார், விருந்துகளில் மைக்கை விடவில்லை, "எல்லாம் என்னோட விஷன் லா" என்று வந்தவர் போனவர் கையையெல்லாம் குலுக்கினார், அந்த உற்சாகத்திலேயே பாலிக் புலாவில் டுரியானை உறையவைக்கப் பிரம்மாண்டமாக ஒரு குளிர்கிடங்கும் கட்டினார். தோட்டத்திலேயே பிளந்து தின்று கை கழுவிப் போகிற ஊரில் உறைந்த பழத்தை யார் தேடுவார்? கிடங்கு குளிர்ந்தது. கம்பெனிக்கு ஜன்னி கண்டது.

பீச் ஸ்திரீட் அலுவலகத்தில் கடைசிக் கூட்டம். ஊழியர்கள் எதிர்பார்த்தது ஒரே ஒரு வாக்கியம்: தவறு என்னுடையது. அவர் அதைச் சொல்லிவிட்டால், கம்பெனியை மூழ்கடித்த கூட்டம் என்ற கெட்ட பெயர் அவர்களுக்கு ஒட்டாது. கணக்குப் பிரிவு சிந்துஜாவுக்கோ மறுநாளே பட்டர்வொர்த்தில் வேலைக்கு நேர்முகம்.

ஆனந்தராஜா எழுந்தார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

"முழுப் பொறுப்பும் என்னோடதுதான்."

அப்பாடா! ஆனால் எல்லோரும் மூச்சு விடுவதற்குள் காரணமாக மழை வந்தது, ரிங்கிட்டின் மதிப்புச் சரிவு வந்தது, பினாங்குப் பாலத்து டிராஃபிக் ஜாம் வந்தது, கடைசியில் அவர் விரல் மூலையிலிருந்த காலித் தொட்டிக்குப் போய் நின்றது.

"அதிர்ஷ்டத்துக்குன்னு வளர்த்த அரோவானா மீன். அது செத்த அன்னிக்கே நெனச்சேன். தண்ணி மாத்துனது யாரு?"

சிந்துஜாதான் மாற்றினாள். மாற்றச் சொன்னவர் அவர்.

"பாஸ், கிடங்கு வேணாம்னு நாங்க மீட்டிங்ல சொன்னோமே?"

"மெதுவா சொன்னா எப்படிமா? எனக்கு உறைக்கிற மாதிரி சத்தமா சொல்லியிருக்கணும் லா!"

இதை மனிதர் மனதார நம்பினார். அதுதான் இந்த இனத்தின் விசேஷம். அவருக்கு உள்ளுக்குள் இரக்கமே சுரந்தது. பாவம், சின்னப் பெண், வேண்டுமென்றா செய்திருப்பாள்?

"பரவாயில்லமா, உன்னை மன்னிச்சிட்டேன். நாளைக்கு இன்டர்வியூல என் பேரைச் சொல்லு. அவங்க போன் பண்ணா, மீன் விஷயத்தை நானே எடுத்துச் சொல்றேன்."

சிந்துஜாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நன்றியில் அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டு, அவர் நிம்மதியாகக் காரில் ஏறினார்.

சிரிக்கிறீர்களா? போன வாரம் அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோது, அந்நேரம் பார்த்துப் போன் செய்த மச்சானைத்தானே திட்டினீர்கள்? நல்லவேளை, உங்களிடம் கம்பெனி இல்லை.