எக்ஸ்பேட் மாப்பிள்ளையும் முப்பத்தேழாம் நம்பர் சிலேட்டும்

பெண் கிடைக்காத ஆண் எந்தப் பொய்யையும் சொல்லத் துணிவான். நான் சொன்னது முழுப் பொய்கூட இல்லை, ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். லாரி கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, புனேயில் ஓட்டல் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் துபாய்க்குப் போனேன். கட்டடங்களுக்கு இரும்புச் சாரம் கட்டும் வேலை. கேம்பில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர். வெயில் காலத்தில் குழாயைத் திறந்தாலே வெந்நீர் வரும். (குளிர்காலத்தில் வராது. அப்போதுதானே தேவை.)

எங்கள் சைட்டில் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் இருந்தார். இருபது வருடமாக அங்கேயே வீடு, தோட்டம், நாய். அவரை 'எக்ஸ்பேட்' என்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு ஓடி வருகிற எங்களை 'மைக்ரண்ட் லேபர்' என்பார்கள். இரண்டு பேரும் பிழைக்கத்தானே வந்தோம், என்ன வித்தியாசம் என்று ஃபோர்மேனைக் கேட்டேன்.

"ஹெல்மெட் கலரப் பாருடா" என்றார். "வெள்ளைன்னா எக்ஸ்பேட். மஞ்சள்னா லேபர்."

எங்கள் ஊர் ஆரணியில் யாரும் ஹெல்மெட் பார்க்கப்போவதில்லை என்று எனக்குத் தோன்றியது. அங்கேதான் ஆரம்பித்தது வினை.

முப்பத்து மூன்று வயதில் லீவில் வந்தபோது ஏற்கெனவே நான்கு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. "கூலிக்குத்தானே போயிருக்காரு" என்று நான்கு வீட்டிலும் ஒரே பதில். ஆகவே தரகரிடம், "இந்த வாட்டி எக்ஸ்பேட்டுன்னு சொல்லுங்க" என்றேன்.

"அப்பிடின்னா இன்னா தம்பி?"

"பொழைக்க வழியில்லாம போயி அங்கியே ஒட்டிக்கறவன் இமிகிரண்ட். திறமைய காட்டப் போயி, சொந்த ஊர மறக்காம திரும்பி வரவன் எக்ஸ்பேட்."

தரகர் அதை அப்படியே தேவிகாபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் ஒப்பித்துவிட்டார். பெண்ணின் அப்பா எங்கள் வீட்டைப் பார்க்கப் புதன்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினார்.

"ஒரு நாள் தறிய நிறுத்திட்டு வராரு அந்த மனுசன்" என்றாள் அம்மா. "இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே நான் எந்தப் பொண்ணையும் பாக்கமாட்டேன். நீ ஒண்டியாவே கெட."

புதன் காலை பூவும் பழமும் வாங்கிவரக் கிளம்பினேன். கூலிங் கிளாஸ், மார்புப் பக்கமாக மாட்டிய பை, சத்தமாகப் பாடும் போன். வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் ரைஸ் மில் வாசலில் கூட்டம். வடமாநிலத் தொழிலாளர்களைப் பதிவு செய்ய ஒரு ஆபீஸர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். ஆளுக்கொரு சிலேட்டில் நம்பர் எழுதிக் கொடுத்து, அதை நெஞ்சில் பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். ஆபீஸர் தமிழில் கேட்டார், அவர்கள் இந்தியில் சொன்னார்கள். கேம்பில் இந்தி கற்ற எனக்கு வாய் அரித்தது. வரிசைக்குள் புகுந்து மொழிபெயர்க்க ஆரம்பித்தேன்.

சிலேட்டு கொடுத்துக்கொண்டே வந்த ஆள் எனக்கும் ஒன்று நீட்டினார். கேம்பில் ஒன்பது வருடம் இருந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வரிசையில் நிற்கும்போது எதைக் கொடுத்தாலும் முதலில் வாங்கிக்கொள்வான், என்னவென்று பிறகுதான் பார்ப்பான். பார்த்தேன். நம்பர் முப்பத்தேழு. வரிசையையும் பார்த்தேன். அதே கூலிங் கிளாஸ், அதே முன்பக்கப் பை, அதே போன் சத்தம்.

"சார், நான் ஆரணிதான்" என்றேன்.

"நல்லாத் தமிழ் பேசற. எத்தினி வருசமா இங்க இருக்கே?" என்றார் ஆபீஸர்.

"பொறந்ததுலேர்ந்து சார்."

"போன வாரமும் ஒருத்தன் இதையேதான் சொன்னான். ஆதார் எங்க?"

"வீட்ல இருக்கு."

"சரி, உங்க வார்டு கவுன்சிலர் யாரு?"

சொன்னேன். அவர் செத்தே நான்கு வருடமாம்.

"சந்தவாசல் பஸ் எங்க நிக்கும்?"

அதையும் சொன்னேன். இப்போது அங்கே நிற்பதில்லையாம்.

எனக்குப் பின்னால் நின்ற முப்பத்தெட்டு, பெயர் சுரேந்தர், இரண்டுக்கும் சரியான விடையைச் சொன்னான். இப்போதைய கவுன்சிலர் மகளின் கல்யாணத்தில் சாப்பிட்டதையும் சேர்த்துச் சொன்னான்.

"பாத்தியா, இவன் எப்பிடிக் கத்துகினு இருக்கான்" என்றார் ஆபீஸர் என்னிடம்.

அப்போது ஒரு வேன் வந்து நின்றது. எங்கள் வீட்டுக்கு இதுவரை வந்திராத தரகர் வழி கேட்க இறங்கினார். என்னைப் பார்த்தார், சிலேட்டைப் பார்த்தார், பிறகு வெகுநேரம் வானத்தைப் பார்த்தார். பின்னாலேயே பெண்ணின் அப்பா இறங்கினார். அவர் போனில் என் போட்டோ இருந்தது. அதையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, என் சட்டை ஓரத்தை இரண்டு விரலால் தடவினார். "பாலியஸ்டர்" என்றார்.

"இவரு ஆரணிக்காரர்னு சொல்றாரு. உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆபீஸர் அவரைக் கேட்டார்.

"எனக்கும் அப்பிடித்தாங்க சொல்லியிருக்காங்க. அதப் பாக்கத்தான் வந்துகினு இருக்கேன்."

தரகர் வேனுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். சுரேந்தர்தான் வாயைத் திறந்தான். "சார், இவுரு நம்ம ஊரு ஆளுதான் சார். இவுரு அம்மா வூட்ல குழா ரிப்பேருன்னா நான்தான் போவேன். சொவுத்துல இவுரு போட்டோ மாட்டிகீது. துபாய்ல கீறான், ஒரே பேஜாருன்னு அந்தம்மா சொல்லும்."

பெண்ணின் அப்பா அவனை, "நீ எந்த ஊருப்பா?" என்று கேட்டார்.

"பீகாருங்க. எட்டு வருசம் ஆவுது. பண்டிகைக்கு ஊருக்குப் போய்ட்டு வந்துடுவேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "சொந்த ஊர மறக்காதவன்தான் எக்ஸ்பேட்டுன்னு சொல்லியனுப்புனீங்க. அப்ப இவுருல்ல எக்ஸ்பேட்டு?"

ஆபீஸர் பாரத்தைப் புரட்டிப் பார்த்தார். "இதுல அப்பிடி ஒரு கட்டமே இல்லீங்க" என்றார்.

"தம்பி, நீங்க அங்க இன்னாதான் வேல செய்யறீங்க?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

சிலேட்டோடு நின்றுகொண்டு என்னத்தை அளப்பது? "சாரம் கட்டறேங்க. இருபது மாடிக்கு மேல."

"இருபது மாடி மேல நிக்கற ஆளுக்கு, தரையில நின்னு அதச் சொல்ல இன்னா பயம்?"

ஆதார் வராமல் என்னை விடமாட்டேன் என்று ஆபீஸர் சொல்லிவிட்டார். ஆகவே பெண் வீட்டாருக்கு வழிகாட்டிக்கொண்டு சுரேந்தர் வேனில் ஏறினான். மாப்பிள்ளைக்குப் போட்டிருந்த நாற்காலியில் அவனை உட்காரவைத்து அம்மா காபி கொடுத்திருக்கிறாள். பிறகு அவனே ஆதாரைக் கொண்டுவந்து என்னை மீட்டான். வாடிய பூவோடு நான் வீடு சேர்ந்தபோது அவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆறாவது நாள் சம்மதம் வந்தது.

"ஏன் ஒத்துகினே?" என்று கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவி கலைவாணியைக் கேட்டேன்.

"பொய் சொல்லத் தெரியாத ஆளுன்னு அப்பா சொன்னாரு. சொன்ன ஒரு பொய்யிலயும் மாட்டிகினீங்களே."

இப்போதும் ஒவ்வொரு லீவிலும் தேவிகாபுரம் போனால் மாமனார் வாசலிலேயே மறிப்பார். கவுன்சிலர் யாரு, எந்த பஸ் எங்க நிக்கும், அரிசிக்கடை எங்க மாறிச்சு என்று கேள்விகள். பதில் சொன்னால்தான் உள்ளே விடுவார். சொந்தக்காரர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிடுவார்கள். அதனால் விமானம் ஏறும் முன்பே சுரேந்தருக்குப் போன் போட்டுப் பாடம் கேட்டுக்கொண்டுதான் வருவேன்.

போன முறை அவன் பண்டிகைக்கு பீகார் போயிருந்தான், போனையும் எடுக்கவில்லை. காபி எனக்கு வாசலுக்கே வந்தது.