ராட்சத நட்சத்திரத்தைச் சுற்றும் பையன்

மதிப்பிற்குரிய மச்சான் சிவனேஸ்வரன் அவர்களுக்கு,

ரிங்லெட் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி தங்கையா வணங்கி எழுதுவது. எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் பெண் காதில் விழும் என்பதால் கடிதம்.

என் மகள் விக்னேஸ்வரிக்கும் உங்கள் மகன் புனிதனுக்கும் தையில் பரிசம் என்று வாக்குக் கொடுத்தவன் நான். இப்போது அவளை எவனோ ஒருவன் சுற்றுகிறான். நான் பார்த்ததில்லை, ஆனால் இருக்கிறான். கண்டுபிடிக்கும் வித்தையைச் சொன்னதே அவள்தான். பல்கலைக்கழகத்துக்காக ராட்சத நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைக் கணினியில் தேடுகிறாள் அல்லவா? "கோள் கண்ணுக்குத் தெரியாதுப்பா, நட்சத்திர வெளிச்சத்துல மறஞ்சிடும். ஆனா அது இழுக்கறதுல நட்சத்திரம் லேசா ஆடும். அந்த ஆட்டம் நாள் தப்பாம திரும்பத் திரும்ப வந்தா, பக்கத்துல ஒண்ணு இருக்குன்னு அர்த்தம்" என்றாள்.

மச்சான், இவளும் ஆடுகிறாள்! புதன்கிழமை வந்தால் முகம் மலர்ந்து, 'இங்க இன்டர்நெட் லைன் கிடைக்கலப்பா' என்று கம்போங் ராஜா டவுனுக்குக் கிளம்புகிறாள், மறுநாள் வாடிவிடுகிறாள், அடுத்த புதன் மறுபடி மலர்கிறாள். ஏழு வாரம் குறித்து வைத்தேன், ஒன்றும் தப்பவில்லை. உங்கள் தங்கை சாரதாவிடம் சொன்னால், "வயசான நட்சத்திரம் சும்மாவே நடுங்குமாம், உங்கள மாதிரி" என்கிறாள்.

பொறுக்காமல் போன புதன், காய்கறி லோரி ஓட்டும் மகேனிடம் சொல்லி ஏறிக்கொண்டேன். தங்கமான பையன், வழியில் திரிங்காப்பில் முட்டைக்கோஸ் ஏற்றுவதைக்கூடத் தள்ளிப்போட்டான். அவள் உட்கார்ந்திருந்த கடைக்கு எதிரே இரண்டு மணி நேரம் லோரிக்குள் பதுங்கி, அந்தப் பயலை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். மகேன் குடிக்கத் தே தாரிக் வாங்கிக் கொடுத்து, "ஒருவேள நல்ல பையனா இருந்தா, மாமா?" என்று மட்டும் கேட்டான். இவளோ எங்கள் லோரியையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் குனிந்துகொண்டேன். ஒருத்தனும் வரலை. கண்ணில் படாவிட்டால் இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? தை வரைக்கும் தாங்காது மச்சான், வர்ற ஞாயிறே பரிசத் தட்டோட வந்துடுங்க.

அக்காவுக்கு வணக்கம். மாப்பிள்ளை புனிதன் நூறாண்டு வாழ என் ஆசி.

இப்படிக்கு,
தூக்கமில்லாத தங்கையா

பி.கு.: தபாலில் போட மகேனிடம்தான் இதைக் கொடுத்தேன். உங்கள் விலாசத்தைப் படித்ததும் பரிசக் கடிதம் என்று புரிந்துகொண்டு என்னிடமே திருப்பி நீட்டினான். "மாமா, இத நான் போஸ்ட் பண்ண முடியாது லா. நீங்க தேடுற ஆளு நான்தான்" என்றான். அடிக்கத்தான் கை ஓங்கினேன். ஆனால் இரண்டு மணி நேரம் அத்தனை திட்டையும் எதிர்த்துப் பேசாமல் கேட்டவன் மச்சான் அவன், அந்தப் பொறுமை எனக்கே கிடையாது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை, வெட்கமாக இருக்கிறது. புனிதனிடம் நானே வந்து பேசுகிறேன். தட்டு வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள்; தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் என் பெண் மணவறை ஏற மாட்டாள்.